குதிரைக்கு நடு, எனக்கு ஓரம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு சண்டைக்கு வருவீர்கள். லாயக்காரர் தன் வாழ்நாளில் ஒரு குதிரையைக்கூடத் தொட்டதில்லை. ஒருமுறை கடைத்தெருவில் காவல்துறைக் குதிரை ஒன்று பக்கத்தில் வந்து புஸ்ஸென்று மூச்சு விட்டது. மனுஷர் பதறிப்போய் ஒரு செருப்புக் கடைக்குள் புகுந்துகொண்டு, அது போகும்வரை காலுக்கு அளவு பார்ப்பதுபோல் நடித்தார். அவருடைய வேலை குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்ப்பது. வீட்டுச் சுவர்களில் ஈ உட்கார இடமில்லாமல் பழைய குதிரைப் படங்களை மாட்டி வைத்திருந்ததால், கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர்தான் லாயக்காரர். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

மற்றவர்கள் ஒரு வீட்டின் முன்னறையோடு திரும்பிவிடுவார்கள். மீட்டர் பார்ப்பவர் மாடிப்படிக்குக் கீழே, நிலவறைக்குள், குளியலறைக்குப் பின்பக்கம் என்று வீட்டின் வயிற்றுக்குள்ளேயே போய் வருகிறவர். வீட்டுக்காரர்களுக்கு வேண்டாதது எல்லாம் அங்கேதான் கிடக்கும். அப்படித்தான் முதல் படம் கிடைத்தது. ஒரு நிலவறையில், தண்ணீர்க் குழாய்க்கும் உடைந்த நாற்காலிக்கும் நடுவில், வேலி தாண்டும் பழுப்புக் குதிரை ஒன்று கண்ணாடிக்குள்ளிருந்து அவரைப் பார்த்தது. "அதா? எடுத்துட்டுப் போங்க, எனக்கு இடமாவது மிஞ்சும்" என்றார் வீட்டுக்கார அம்மாள். பதிலுக்கு இவர் அங்கே ஒழுகிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றிக் கொடுத்தார். அதன் பிறகு இருபது வருஷம் இதே பண்டமாற்றுதான், ஒரு வாஷருக்கு ஒரு குதிரை.

எல்லாமே நூற்றைம்பது, இருநூறு வருஷத்துக்கு முந்திய அச்சுப் படங்கள். செம்புத் தகட்டில் கோடு கீறி, மை தடவி, ஈரக் காகிதத்தில் அழுத்தி எடுத்து, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் பூசியவை. காகிதத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினால் தகடு அழுத்திய பள்ளம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அசல். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர், கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். தனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இன்னும் உண்டாகவில்லை என்ற நினைப்பு அவருக்கு. "எல்லாக் குதிரையும் முன்னங்கால் முன்னாடி, பின்னங்கால் பின்னாடின்னு நீட்டிக்கிட்டுப் பறக்குது பாருங்க. எந்தக் குதிரையும் அப்படி ஓடாது. அந்தக் காலத்து ஓவியனுக்கு அது தெரியாது. கால் இப்படி இருந்தா பழசுன்னு கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்பார். லாயக்காரர் வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

பழைய படம் என்றால் புகையும் தூசியும் ஏறி அழுக்காகத்தான் இருக்கும். அதைச் சுத்தம் செய்கிற வழியையும் சட்டம் போடுகிறவர்தான் சொன்னார். "தண்ணி படக்கூடாது, அழிரப்பர் படக்கூடாது. நேத்து வாங்கின ரொட்டி ஒண்ணு எடுங்க. ஓரத்தை உரிச்சுட்டு, நடுவுல இருக்கற மெத்துன்னு உள்ளதை மட்டும் உருண்டை பிடிச்சு, படத்து மேல மெதுவா உருட்டுங்க. அழுக்கு பூரா அதுல ஏறிடும்."

இவர் முயன்று பார்த்தார். மீட்டர் குழிகளின் இரும்பு மூடிகளைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. முதல் நாளே ஒரு குதிரையின் காதைக் கிழித்துவிட்டது.

"குடுங்க இப்படி! குழாயை முறுக்கற கைக்கு இதெல்லாம் ஆகற காரியமா?" என்று பிடுங்கிக்கொண்டாள் மனைவி.

அவள் இருபது வருஷம் கடிகாரம் பழுது பார்க்கும் கடையில் வேலை பார்த்தவள். தலைமுடியைவிட மெல்லிய கம்பிச்சுருளை இடுக்கியால் எடுத்து வைக்கிற கை. கடையை மூடிய பிறகு அந்தக் கை வேலை இல்லாமல் கிடந்தது. ரொட்டி உருண்டை அந்த விரல்களுக்குக் கீழே போனால் காகிதத்துக்கு வலிக்காது. ஒரு ரொட்டியை எடுப்பாள், ஓரத்தைச் சுற்றி உரிப்பாள், நடுவைக் கிள்ளிப் படத்தில் உருட்டுவாள். உரித்த ஓரத்தை வீணாக்க மனசு வராது. வேலை செய்துகொண்டே ஒவ்வொரு துண்டாகக் கடித்துக்கொண்டிருப்பாள்.

"உனக்குன்னு நல்லா நாலு துண்டு எடுத்து வச்சுக்கயேன்" என்பார் அவர்.

"குதிரைக்கு நடு, எனக்கு ஓரம். உங்க வீட்டுல என் மரியாதை அவ்வளவுதானே" என்பாள் அவள். இருவரும் சிரிப்பார்கள். தினமும் இதே பேச்சு, தினமும் இதே சிரிப்பு. அன்று அது வெறும் விளையாட்டுப் பேச்சு.

அந்த எட்டுப் படங்கள் வந்தது குளிர்காலத் தொடக்கத்தில். அவர் பார்க்கும் தெருக்களின் கடைசியில் இருந்த பெரிய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இணைப்பைத் துண்டிக்கும் முன் கடைசி முறையாக மீட்டரைப் பார்க்கப் போனார். இடிக்கும் ஆட்கள் பழைய சாமான்களைத் தோட்டத்தில் குவித்துத் தீ மூட்டத் தயாராக இருந்தார்கள். குவியலுக்குள் கை விட்டு உருவினார். ஒரே பந்தயத்தின் எட்டுக் காட்சிகள், புறப்பாடு முதல் கடைசிக் கோடு வரை. குவியலில் இருந்த மற்ற படங்களையெல்லாம் காகிதம் தின்னும் வெள்ளிப்பூச்சி சல்லடையாக்கியிருந்தது. இந்த எட்டில் ஒரு பொட்டு இல்லை. புகைப்படலத்துக்கு அடியில் புல்வெளி அப்படியொரு பச்சை. மழை விட்ட மறு நிமிஷத்துப் புல்கூட அவ்வளவு பச்சையாக இருக்காது.

சட்டம் போடுகிறவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "பாத்தீங்களா! பூச்சி வாயே வைக்கல. பச்சை இருக்கற பக்கமே வரல. அந்தக் காலத்துச் சாயம்னா சும்மாவா? இதுதான் சார் தரம்!"

லாயக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பூச்சி தின்னாத பச்சை என்று வேலையிடத்தில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தார். பூச்சி ஏன் தின்னவில்லை என்று அவரும் யோசிக்கவில்லை, எல்லாம் தெரிந்த அந்த மகானுபாவரும் யோசிக்கவில்லை. குதிரையின் காலைப் பார்த்து ஓவியன் செய்த தப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்த மனுஷர்களுக்கு, காலுக்குக் கீழே இருந்த புல்லைப் பார்க்கத் தெரியவில்லை.

குளிர் என்பதால் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. சாப்பாட்டு மேசைதான் அவளுடைய வேலை மேசை. மூன்று மணிக்கு அவர் வேலை முடிந்து வரும்போது அவள் குனிந்து உட்கார்ந்திருப்பாள். ஒரு பக்கம் ரொட்டி, ஒரு பக்கம் படம். புகை விலக விலக உள்ளேயிருந்து மனுஷர்கள் ஒவ்வொருவராக வெளிவந்தார்கள். குதிரையோட்டிகளில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவன் மீது அவளுக்கு ஏனோ பிரியம். முதல் படத்தில் கடைசியில் நிற்கிறான். மூன்றாவதில் இரண்டு பேரைத் தாண்டியிருக்கிறான். ஐந்தாவதில் நடுவில்.

"இவன் ஜெயிச்சுடுவான் பாருங்க" என்பாள்.

"கடைசிப் படத்தை இப்பவே துடைச்சுப் பாத்துடேன்."

"அய்ய, கடைசிப் பக்கத்தை முதல்ல படிக்கற புத்தி எனக்குக் கிடையாது. வரிசையாத்தான் வரணும்."

ரொட்டி உருண்டை கறுப்பாக மாறும், கூடவே பச்சையாகவும் மாறும். "அழுக்கோட சாயமும் வருதே" என்று அவள் ஒருநாள் சொன்னாள். இவர் போய்ச் சட்டம் போடுகிறவரைக் கேட்டார். "மேல படிஞ்ச தூள்தான், வரட்டும்" என்று பதில் வந்தது. வந்தது. அவள் விரல் நுனிகளில் வந்தது, நகக்கண்ணில் வந்தது, அந்த விரலாலேயே அவள் ஓரத்தை எடுத்துக் கடித்தாள். உதிர்ந்த தூளை ஒரு தகர டப்பாவில் சேர்த்து, காலையில் ஜன்னல் விளிம்பில் புறாக்களுக்குத் தூவினாள். முடித்த படங்களைப் படுக்கையறையில் மாட்டினார்கள். கண் விழித்ததும் புல்வெளி தெரிய வேண்டும் என்று அவருக்கு ஆசை.

முதலில் கீழ்வீட்டுக்காரர் வந்து கத்தினார். அவர் வாசலில் புறா செத்துக் கிடந்ததாம், ஒரே வாரத்தில் மூன்று. "யாரோ விஷம் வைக்கறாங்க. கண்டுபிடிச்சேன்னா தொலைச்சுடுவேன்!" என்று மாடிப்படியில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். பாவம் புறாக்கள் என்று மனைவி அன்றைக்கு இன்னும் ஒரு பிடி அதிகமாகத் தூவினாள்.

பிறகு அவளுக்கு வயிறு சரியில்லாமல் போனது. தெருமுனை டாக்டர் வாயு என்றார், அப்புறம் புண் என்றார். மாத்திரையை விழுங்கிவிட்டு மேசைக்கு வந்துவிடுவாள். ஆறாவது படம் முடியும்போது பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றாள். ஏழாவதில் உள்ளங்கை தடித்துச் சொரசொரவென்று ஆனது. நகங்களில் குறுக்கே வெள்ளைக் கோடுகள் விழுந்தன. "மீட்டர் மாதிரி கோடு போட்டுக்கிட்டு வருது, நீங்களே படிச்சு எழுதிக்கங்க" என்று விரல்களை அவர் முன் நீட்டினாள். அவர் சிரிக்கவில்லை. அவளுடைய முகம் அப்படி வெளுத்திருந்தது.

மறுநாள் காலை அவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று வாரத்தில் தேறினாள். முகத்தில் ரத்தக்களை வந்தது, சாப்பாடு இறங்கியது. டாக்டர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை, கிருமியாக இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தாள். "பாதியில நிக்குது பாருங்க" என்று ஏழாவதை எடுத்து முடித்தாள். பத்து நாளில் மறுபடியும் வாந்தி, மறுபடியும் ஆஸ்பத்திரி.

இவர்களுக்கு ஒரே மகள். இன்னொரு ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சோதனைக் குழாய்களைப் பார்க்கிற பெண். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தால் தேறுகிறாள், வீட்டுக்குப் போனால் விழுகிறாள் என்பது அவளுக்கு உறைத்தது. அம்மாவின் நகத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர்தான் அவரை உட்காரவைத்துச் சொன்னார். "ஆர்சனிக். விஷம். கொஞ்சம் கொஞ்சமா, மாசக்கணக்கா உள்ளே போயிருக்கு. இன்னும் கொஞ்சம் போனா காப்பாத்த முடியாது. வீட்டுல எலி மருந்து ஏதாவது இருக்கா?"

"எங்க வீட்டுல எலியே கிடையாது டாக்டர்."

"பூச்சி மருந்து?"

"பூச்சியும் கிடையாது. சுத்தமாக் கிடையாது" என்றார் லாயக்காரர். அந்த நேரத்திலும் அவர் குரலில் ஒரு சிறிய பெருமை எட்டிப் பார்த்தது. மகள் அதைக் கவனித்தாள்.

விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். உப்பு, சர்க்கரை, மாவு, குழாய்த் தண்ணீர் எல்லாவற்றையும் புட்டியில் அடைத்துக்கொண்டு போனார்கள். எல்லாம் சுத்தம் என்று வந்தது. குதிரைகள் சுவரில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தன, அவற்றை யாரும் சுரண்டிப் பார்க்கவில்லை. சாமானில் விஷம் இல்லை என்றால் அதைக் கொடுக்கிற கையில் இருக்க வேண்டும் என்று மகள் முடிவுக்கு வந்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவரை நிறுத்தினாள்.

"அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க வர வேண்டாம்."

"என்னம்மா இது, நான் என்ன..."

"அந்த வீட்டுல ரெண்டே பேர்தான்ப்பா. ஒருத்தர் சாகக் கிடக்கறாங்க. இன்னொருத்தருக்குத் தலைவலிகூட வரல. நான் யாரைப் போய்க் கேக்கறது?"

பெற்ற மகள் வாயால் இப்படி ஒன்றைக் கேட்ட பிறகு ஒரு மனுஷனால் என்னதான் சொல்ல முடியும்! வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, விளக்கைக்கூடப் போடாமல், அவள் உட்காரும் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளின் வீட்டில் மனைவி தேறினாள். அவர் அனுப்பிய பழங்களை மகள் தொடாமல் குப்பையில் கொட்டினாள். அவருடைய தொலைபேசி எண்ணையும் தடுத்து வைத்தாள். மனைவி மட்டும் மாப்பிள்ளையின் போனில் இருந்து தினம் ஒருமுறை கூப்பிடுவாள். அவளுக்குச் சந்தேகம் என்பது மருந்துக்குக்கூட இல்லை. "முப்பது வருஷமா மீட்டர்ல ஒரு எண்ணை மாத்தி எழுதத் தெரியாத ஆளு, எனக்கு விஷம் வைப்பாராடின்னு கேட்டேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. விடுங்க, சின்னப் பொண்ணு, பயந்து போயிருக்கா."

நாலாவது வாரம் அவளே ஒரு யோசனை சொன்னாள். "என்னங்க, சும்மா உக்காந்து பைத்தியம் பிடிக்குது. எட்டாவது மிச்சம் இருக்கே, அதைக் கொண்டு வந்து வாசல்ல குடுத்துட்டுப் போங்க. சிவப்புத் தொப்பி என்ன ஆனான்னு தெரியாம எனக்குத் தூக்கமே வரல. அது முடியற அன்னிக்கு நீங்க வந்து என்னைக் கூட்டிட்டுப் போறீங்க. அவகிட்ட நான் பேசிக்கறேன்."

லாயக்காரர் அழுதேவிட்டார். இத்தனைக்குப் பிறகும் தன் கையில் இருந்து ஒன்றை வாங்கிக்கொள்கிறேன் என்கிறாளே! படத்தைத் துணியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறிப் போனார். கூடவே ஒரு ரொட்டியும் வாங்கிக்கொண்டார். மகள் கதவைச் சங்கிலி மாட்டியபடியே திறந்தாள். ரொட்டியை வாங்கவில்லை. படத்தைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். காகிதம்தானே, இதையா சாப்பிடப் போகிறாள் என்று உள்ளே எடுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே கடைக்குப் போய்த் தன் கையாலேயே ரொட்டி வாங்கி வந்து அம்மாவுக்குக் கொடுத்தாள்.

நான்கு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொரு மணி இருக்கும். வீடு வெறிச்சோடிக் கிடந்தது. ஜன்னல் விளிம்பில் புறாக்கள் வந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கொத்தின. இரண்டு மாதமாக அவற்றுக்கு யாரும் ஒன்றும் போடவில்லை. அலமாரியில் அவளுடைய தகர டப்பா இருந்தது. ஏழாவது படத்தின் தூள் அதில் அப்படியே கிடந்தது. லாயக்காரர் ஜன்னலைத் திறந்து டப்பாவைக் கவிழ்த்தார். புறாக்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு தின்றன. பக்கத்தில் ஒரு ஜீவன் இருக்கிறதே என்று அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு புறா தின்பதை நிறுத்தியது. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, இறகு தொங்க, வாயைத் திறந்து திறந்து மூடியது. பறக்கப் பார்த்து, இடம் தவறி, அறைக்குள் அவர் காலடியில் வந்து விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார். கையில் இருக்கும்போதே அது விறைத்தது. அதன் அலகில் ஒட்டியிருந்த ரொட்டித் தூள் பச்சையாக இருந்தது.

அவர் டப்பாவைப் பார்த்தார். அடியில் மிஞ்சியிருந்த தூளும் பச்சை. படுக்கையறைக் கதவு திறந்திருந்தது, உள்ளே ஏழு படங்களிலும் அதே பச்சை. பூச்சி வாயே வைக்கல. பச்சை இருக்கற பக்கமே வரல. இதுதான் சார் தரம். அந்தக் குரல் காதுக்குள் கேட்டது. அப்புறம் விரல் நுனிகள். அந்த விரலால் எடுத்துக் கடித்த ஓரம். மகள் சொன்னது சரிதான். விஷம் வைத்தது அவர்தான். சட்டம் போட்டு, ஆணி அடித்து, தலைமாட்டிலேயே வைத்திருக்கிறார். போதாததற்கு எட்டாவதையும் மார்போடு அணைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

மகளைக் கூப்பிட்டார், மணி அடிக்கவே இல்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டார், அவர் எடுக்கவில்லை. செத்த புறாவை ஒரு பையில் போட்டுக்கொண்டு, செருப்பு ஒரு காலில், மறு காலில் இல்லை, அப்படியே ஓடினார். முதல் பேருந்து கிடைத்தது. இரண்டாவது வருவதாகக் காணோம். மிச்ச தூரத்தையும் ஓடியே கடந்தார். ஐம்பத்தெட்டு வயசு மனுஷர், தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மூன்று மாடி ஏறி, இரண்டு கையாலும் கதவை அறைந்தார்.

சங்கிலியின் நீளத்துக்குக் கதவு திறந்தது. மகளின் ஒரு கண் தெரிந்தது.

"அம்மாவை ரொட்டி சாப்பிட விடாதே! ரொட்டியை வாயில வைக்க வேணாம்னு சொல்லு!"

மகளின் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. "ரொட்டியில என்ன வச்சீங்க?"

"நான் வைக்கல கண்ணு..."

"வைக்காமலா இப்படி ஓடி வர்றீங்க? சொல்லுங்கப்பா! அது நான் வாங்கின ரொட்டி. என் கையால வாங்கினது. அதுல எப்படிக் கலந்தீங்க?"

"ரொட்டியில இல்லம்மா. பச்சையில இருக்கு. படத்துல. அந்தப் புல்லுல!" மூச்சு வாங்கியது அவருக்கு. பையில் இருந்து அந்தப் புறாவை எடுத்துச் சங்கிலி இடுக்கு வழியாகக் காட்டினார். "இப்ப செத்துது. அவ துடைச்ச தூளைத் தின்னுட்டுச் செத்துது. அவ கையைப் பாரு. முதல்ல போய் அவ கையைப் பாரு!"

மகள் புறாவைப் பார்த்தாள். அதன் அலகைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு அதற்குமேல் விளக்கத் தேவையில்லை, சட்டென்று திரும்பினாள். அதற்குள் பேச்சுச் சத்தம் கேட்டு மனைவியே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்துவிட்டாள். கணவர் குரல் கேட்ட சந்தோஷம் முகமெல்லாம் இருந்தது.

"வந்துட்டீங்களா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். முடிச்சுட்டேன். கடைசியில பாருங்க, சிவப்புத் தொப்பி விழுந்துட்டான். புல்லுல கிடக்கறான். குதிரை மட்டும் ஆளில்லாம ஓடி வருது" என்றாள். அதைக் காட்டுவதற்காக இரண்டு கையையும் விரித்தாள். பத்து விரல் நுனியும் பச்சை. உதட்டோரத்தில் ரொட்டித் தூள் ஒட்டியிருந்தது.

மகள் சங்கிலியைக் கழற்றினாள். அவசரத்தில் அது மூன்று தடவை நழுவியது.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த நான்கு நாள் அவளிடம் இருந்து ஒன்றை எடுத்துக்கொண்டது. பாதம் ஒருவேளை சரியாகலாம், கைவிரல்களுக்கு உணர்ச்சி திரும்புவது சந்தேகம் என்றார் நரம்பு டாக்டர். ஊசியால் குத்திக் காட்டினார். கடிகாரத்துக்குள் கம்பிச்சுருள் வைத்த விரல்கள் அவை. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், குத்தியதே தெரியவில்லை. முகமூடி போட்ட ஆட்கள் வந்து, அந்தக் காலத்தில் இந்தப் பச்சையையே ஆர்சனிக் கலந்துதான் செய்வார்கள் என்று சொல்லி, படங்களை உறையில் மூடி எடுத்துப் போனார்கள். பச்சை இல்லாத படங்களை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று இவர் கும்பிட்டார். சுவரில் நாற்பத்து மூன்று இடங்களில் சதுரம் சதுரமாக வெளுப்பு மட்டும் மிஞ்சியது.

மகள் மன்னிப்புக் கேட்டாள். "நீ கேட்டதுல என்னம்மா தப்பு? அப்படிக் கேட்டதாலதான் அவ இருக்கா" என்றார். அது ஆறுதலுக்குச் சொன்னதில்லை, அப்படித்தான் நினைத்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது வாரம், லேசாக ஏதாவது கொடுக்கலாம் என்று நர்ஸ் சொன்னாள். அவர் ரொட்டி வாங்கி வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பிரித்தார். அவளால் எதையும் பிடிக்க முடியாது, ஊட்டித்தான் விட வேண்டும். இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பழக்கம். அவர் மனசு எங்கேயோ இருக்க, கை தானாகவே ஓரத்தைச் சுற்றி உரித்தது. நடுவை இடது கையில் வைத்துக்கொண்டு, ஓரத்தை அவள் வாய்க்கு நேராக நீட்டியது.

அவள் ஓரத்தைப் பார்த்தாள். அவர் இடது உள்ளங்கையில் உருண்டைபோல் இருந்த நடுவையும் பார்த்தாள்.

"என்னங்க, இன்னும் எனக்கு ஓரம்தானா?"

அவருக்குக் கை அந்தரத்திலேயே நின்றது. ஓரத்தைக் கீழே போட்டுவிட்டு, நடுவைக் கிள்ளி அவள் வாயில் வைத்தார். அவருடைய கண்ணீர் அவள் போர்வையில் சொட்டியது. துடைத்துவிட அவள் கையைத் தூக்கினாள், அது பாதியிலேயே மடியில் விழுந்தது. ரொட்டியை மெதுவாக மென்று விழுங்கினாள்.

"நல்லா மெத்துன்னு இருக்கே" என்றாள். "இதையா இத்தனை வருஷமா குதிரைக்குக் குடுத்தோம்?"